தக்காளி விலையும் ஊசல் குண்டும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் ஒட்டன்சத்திரம் வரும். அங்குள்ள காந்தி காய்கறி மார்க்கெட் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று. சுற்று வட்டாரத்தில் விளையும் தக்காளி, முருங்கை, கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் இங்கே வந்து இறங்குகின்றன. இறங்கியவற்றில் பெரும் பகுதி மறுபடியும் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போய்விடுகிறது. ஓணம் நெருங்கும் நாள்களில் சந்தைக்குள் நடந்து செல்லவும் இடம் இராது.

இந்தப் பகுதியில் வசிப்பவர்கள் ஆண்டில் ஒரு முறையேனும் காணும் காட்சி ஒன்று உண்டு. சாலையோரத்தில் தக்காளி குவியல் குவியலாகக் கொட்டிக் கிடக்கும். மாடுகள் தின்று சலித்து விலகிப் போகும். அதே தக்காளி 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாடெங்கும் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க நேர்ந்தது. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதி செய்யப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. செப்டம்பரிலோ மராட்டியத்தின் மொத்தச் சந்தைகளில் விலை கிலோ ஐந்தாறு ரூபாய்க்கு இறங்கி, உழவர்கள் பழத்தைச் சாலையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனையும் மூன்றே மாதங்களுக்குள் நடந்தவை.

இது ஏன் என்று யாரைக் கேட்டாலும் ஒரு விடை தயாராக இருக்கிறது. வியாபாரிகள் பதுக்கிவிட்டார்கள் என்பார்கள் சிலர். பறித்த நான்கு நாளில் தண்ணீராகிப் போகும் பழத்தை எவராலும் பல வாரங்களுக்குப் பதுக்கி வைக்க இயலாது. வேறு சிலர், ஒருவன் நட்டால் எல்லோரும் நடுகிறார்கள், உழவனுக்கு அறிவில்லை என்பார்கள். இந்தப் பேச்சை நான் ஒப்புவதில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி பயிரிடுபவர்களைவிட விலையை உன்னிப்பாகக் கவனிப்பவர்களை நான் கண்டதில்லை. மழை, நோய் என்று கூறுபவர்கள் உண்மையின் ஒரு பகுதியைச் சொல்கிறார்கள். மழையும் நோயும் ஊசலை முதலில் தள்ளிவிடுகின்றன என்பது சரிதான். தள்ளிய பிறகும் அது ஏன் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். பொருளாதாரம் என் துறை அன்று. ஆயினும் மேலும் கீழுமாக மாறி மாறிப் போகும் ஒன்றைக் கண்டால், அதன் அலைவு நேரம் எவ்வளவு, வீச்சு பெருகுகிறதா குறைகிறதா என்று கேட்பது எங்கள் தொழிலின் பழக்கம். தக்காளி விலையையும் அவ்வாறே கேட்டுப் பார்ப்போம்.

40 காசுக் கணக்கு

முதலில், விளைந்த பழத்தை ஏன் கொட்ட வேண்டும்? எங்கள் சித்தப்பா ஒரு முறை அரை ஏக்கரில் காய்த்துக் குலுங்கிய செடிகளை டிராக்டர் விட்டு உழுதுவிட்டார். அப்போது நான் முதுகலை மாணவன். "சித்தப்பா, வந்த விலைக்காவது விற்றிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு காகிதத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் எழுதிய எண்கள் இன்று நினைவில்லை. ஆதலால் முறை புரியும்படி வேறு எண்களை வைத்துக்கொள்கிறேன்.

தக்காளி 14 கிலோ பெட்டிகளில் சந்தைக்கு வருகிறது. ஒரு பெட்டிக்குப் பறிகூலி 35 ரூபாய், வண்டி வாடகையும் சுமைகூலியும் சேர்த்து 15 ரூபாய், கமிஷன் கடைக்கு நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். கிலோ 4 ரூபாய்க்கு விலை போனால் பெட்டிக்குக் கிடைப்பது 56 ரூபாய். கமிஷன் 5 ரூபாய் 60 காசு. பறிகூலியும் வாடகையும் 50 ரூபாய். மீதி 40 காசு! விதை, உரம், குச்சி, கயிறு, மருந்து ஆகியவற்றுக்குச் செலவிட்டது முன்பே போய்விட்டது. அது திரும்பி வராது. இனி ஒவ்வொரு பெட்டி பறிப்பதற்கும் கைக்கு வருவது 40 காசுதான். விலை இன்னும் அரை ரூபாய் இறங்கினால் ஒவ்வொரு பெட்டிக்கும் கைக்காசு போட வேண்டியிருக்கும். இந்த நிலையில் செடியிலேயே விட்டுவிடுகிறவன் கணக்குத் தெரிந்தவன்.

இதில் நாம் எளிதில் மறந்துவிடும் இன்னொருவர் இருக்கிறார். அந்த 35 ரூபாய் பறிகூலி யாருக்குப் போக வேண்டியது? காலையில் தூக்குச் சட்டியுடன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் பெண்களுக்கு. வயல் உழப்பட்டுவிட்டால் அவர்களுக்கு அன்று வேலை இல்லை. தக்காளி விலை ஏறினாலோ, அவர்கள் வீட்டுக் குழம்பில் தக்காளி இல்லை. தமிழ்நாட்டில் 2023-24-ஆம் ஆண்டுக்கு ஊரக வேலைத் திட்டக் கூலி நாளொன்றுக்கு 294 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்த ஜூலையில் ஒரு கிலோ தக்காளிக்கு அக்கூலியில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ஊசல் எந்தப் பக்கம் ஆடினாலும் இவர்கள்மீது இடிக்கிறது.

காலதாமதம் என்னும் எடை

ஊசல் குண்டு ஏன் ஆடுகிறது? அதை ஒரு பக்கம் இழுத்துவிட்டால் புவியீர்ப்பு அதை நடு நிலைக்குத் திரும்ப இழுக்கிறது. நடுவுக்கு வந்ததும் நின்றுவிடுவதில்லை. பெற்ற வேகத்தால் அதைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறது. திருப்பும் விசை ஒன்று, நிலைமம் ஒன்று, இவ்விரண்டும் சேர்ந்தால் ஆட்டம்.

சந்தையிலும் திருப்பும் விசை உண்டு. விலை ஏறினால் அதிகம் பேர் நடுகிறார்கள். வரத்துப் பெருகி விலை இறங்குகிறது. விலை இறங்கினால் நடுபவர் குறைகிறார்கள், விலை ஏறுகிறது. இதனால் விலை நடு நிலைக்கு வந்துவிட வேண்டும் அல்லவா? வராமல் செய்வது காலதாமதம். நாற்றங்காலில் நாற்று 25 நாள் இருக்க வேண்டும். நட்டபின் முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள் ஆகும். ஆகவே விதைப்பது என்று முடிவு செய்த நாளுக்கும் பெட்டி சந்தைக்கு வரும் நாளுக்கும் இடையே மூன்று மாதம். உழவர் இன்றைய விலையைப் பார்த்து முடிவு செய்கிறார். மூன்று மாதம் கழித்துள்ள விலைக்கு விற்கிறார். இடையே எத்தனை பேர் அதே முடிவை எடுத்திருக்கிறார்கள் என்பதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. ஊசலில் நிலைமம் செய்யும் வேலையை இங்கே இந்த மூன்று மாதம் செய்கிறது.

ஒரு சிறு கணக்கால் இதைத் தெளிவாகக் காணலாம். ஒரு கற்பனைச் சந்தைக்கு நாளொன்றுக்கு 100 கூடை வந்தால் விலை கிலோ 15 ரூபாய் என்போம். 10 கூடை கூடினால் விலை 3 ரூபாய் இறங்கும். 10 கூடை குறைந்தால் 3 ரூபாய் ஏறும். இது வாங்குவோர் தரப்பு. நடுவோர் தரப்பில், சென்ற முறை விலை 15-க்கு மேல் ஒவ்வொரு ரூபாய் கூடியிருந்ததற்கும் இம்முறை 2 கூடை அதிகம் வரும், குறைந்திருந்தால் 2 கூடை குறையும் என்று கொள்வோம். ஒரு பருவத்தில் மழை அடித்து 80 கூடைதான் வந்தது. விலை 21 ரூபாய். அதைப் பார்த்து நட்டதால் அடுத்த முறை 112 கூடை. விலை 11 ரூபாய் 40 காசு. அதற்கடுத்து 17 ரூபாய் 16 காசு, பிறகு 13 ரூபாய் 70 காசு. ஆட்டம் குறைந்துகொண்டே வந்து 15-ல் அடங்கிவிடும். ஆய்வகத்தில் நாம் காணும் தடையுறு அலைவு இதுவே.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். ஒரு ரூபாய் ஏற்றத்துக்கு 2 கூடைக்குப் பதில் 4 கூடை கூடுகிறது என்க. அதாவது உழவர்கள் விலையைக் கண்டு இன்னும் வேகமாகச் செயல்படுகிறார்கள். மழை அதே மழைதான். விலை 21-லிருந்து 7 ரூபாய் 80 காசுக்கு விழும். அடுத்து 23 ரூபாய் 64 காசு. அடுத்து 4 ரூபாய் 63 காசு. அதற்கடுத்து 27 ரூபாய் 44 காசு. ஆட்டம் அடங்காமல் பெருகுகிறது. இரண்டு தரப்பின் எண்களையும் பெருக்கிப் பாருங்கள். கூடைக்கு 30 காசு வீதம் முதல் கணக்கில் 0.3 × 2 = 0.6, இரண்டாவதில் 0.3 × 4 = 1.2. பெருக்கற்பலன் ஒன்றுக்குக் குறைவானால் ஆட்டம் அடங்கும்; ஒன்றைத் தாண்டினால் பெருகும். மழையும் வேண்டாம், பதுக்கலும் வேண்டாம். ஒரு முறை தள்ளிவிட்டால் போதும்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஜெர்மனியில் பன்றி விலை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதை ஆர்தர் ஹானாவ் 1928-ல் விளக்கினார். 1934-ல் நிக்கோலஸ் கால்டார் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயரிட்டார். வரைபடத்தில் விலையையும் வரத்தையும் குறித்துக் கோடிட்டால் சிலந்தி வலை போலத் தோன்றுவதால் அப்பெயர். 1938-ல் அமெரிக்கரான மார்டெக்காய் எசிக்கியேல் அதை விரித்து எழுதினார். உண்மைச் சந்தையில் பொருளின் விலை எல்லையின்றிப் பெருகுவதில்லை. கீழே 40 காசுக் கணக்கு ஒரு தரையாக நிற்கிறது. மேலே வாங்குபவரின் பை ஒரு கூரையாக நிற்கிறது. இரண்டுக்கும் இடையே மோதிக்கொண்டிருப்பது வாடிக்கையாகிவிடுகிறது.

தக்காளியில் இந்த ஆட்டம் கடுமையாக இருப்பதற்கு நம் சமையலும் ஒரு காரணம். ரசத்துக்கும் குழம்புக்கும் தக்காளி வேண்டும். விலை பாதியானால் ஒருவர் இரு மடங்கு ரசம் குடிப்பதில்லை. வரத்து சற்றுக் கூடினாலும் அத்தனையையும் விற்றுத் தீர்க்க விலை வெகுவாக இறங்க வேண்டியிருக்கிறது. கணக்கில் நாம் வைத்த 30 காசு என்ற எண் பெரிதாவது இதனால்தான்.

மின்தேக்கியும் வெங்காயப் பட்டறையும்

ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் சுற்றில் உருளை வடிவில் பெரிய மின்தேக்கி ஒன்று இருக்கும். மின்னழுத்தம் ஏறும்போது அது மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இறங்கும்போது வெளியே விடுகிறது. அது இல்லையென்றால் பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் கேட்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மின்தேக்கி தன் மின்னூட்டத்தை இழக்க எடுத்துக்கொள்ளும் நேரம், ஏற்ற இறக்கத்தின் கால அளவைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். சீக்கிரம் காலியாகிவிடும் மின்தேக்கியால் பயனில்லை.

சந்தையின் மின்தேக்கி கிடங்கு. அரிசி உலர்ந்த தானியம். ஓராண்டு, ஈராண்டு கெடாமல் இருக்கும். ஆதலால் அரிசி விலை தக்காளியைப் போலத் துள்ளுவதில்லை. சின்ன வெங்காயம் நடுத்தரம். திண்டுக்கல், பெரம்பலூர்ப் பக்கத்து உழவர்கள் அதற்கென்றே பட்டறை போடுகிறார்கள். தரையிலிருந்து சற்று உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் புகும்படி தட்டியடைத்து, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். வெங்காயம் விடும் ஈரத்தைக் காற்று கொண்டுபோய்விடுவதால் இரண்டு மூன்று மாதம் தாங்குகிறது. எடை கொஞ்சம் குறையும், சில முளைவிடும். ஆயினும் விலை விழுந்த வாரத்தில் விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் இந்தப் பட்டறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். பறித்த பிறகும் அது சுவாசிக்கிறது; வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சுவாச வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. குளிர் பதனக் கிடங்கு கட்டினால் தீர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் தக்காளியை 35 டிகிரி செல்சியஸிலிருந்து 13 டிகிரிக்குக் குளிர்விக்க நீக்க வேண்டிய வெப்பம் சுமார் 88,000 கிலோஜூல், அதாவது 24 யூனிட் சொச்சம். குளிர்பதன எந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தால் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும் என்றால், செலவாவது 8 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் கிலோவுக்கு 7 காசுக்கும் குறைவு. சுவரின் வழியே நுழையும் வெப்பத்தையும் பழம் விடும் வெப்பத்தையும் நாள்தோறும் நீக்கச் செலவு கூடும் என்றாலும் மின்சாரம் பெரிய தடை அன்று.

தடை வேறிடத்தில் இருக்கிறது. 13 டிகிரியில் வைத்தாலும் செங்காய் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். இன்னும் குளிர வைத்தால் சதை கெட்டு, வெளியே எடுத்ததும் பழுக்காமல் அழுகிவிடும். ஆட்டத்தின் கால அளவோ மாதக் கணக்கு. சீக்கிரம் காலியாகும் மின்தேக்கி இதுவே. ஒரு வாரத்து மழையையும் ஒரு பண்டிகை நெரிசலையும் இக்கிடங்கு சமாளிக்கும். பருவம் விட்டுப் பருவம் விலையைத் தாங்கிப் பிடிக்க அதனால் ஆகாது. அதற்குத் தக்காளியைக் கூழாக வற்ற வைக்க வேண்டும். ஒரு டன் பழத்திலிருந்து சுமார் 800 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 500 யூனிட் வெப்பம் தேவை. குளிர்விப்பதைப் போல் 20 மடங்கு! வெளியேறும் நீராவியின் வெப்பத்தையே மறுபடி பயன்படுத்தும் பெரிய ஆலைகளில்தான் இது கட்டுபடியாகும். அவ்வாலைகள் ஆண்டில் பல மாதம் தொடர்ந்து ஓட வேண்டும், சதைப்பற்று மிக்க தனி ரகம் வேண்டும். விலை விழுந்த பதினைந்து நாளில் மட்டும் கொண்டுவந்து கொட்டும் நாட்டுப் பழத்தை நம்பி எவரும் ஆலை வைக்க மாட்டார். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு இம்மூன்றுக்காக 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு விலை ஏறி இறங்கியது அதற்குப் பிறகு என்பதை நினைவில் கொள்க.

லாரி செய்யும் நன்மை

கிடங்கு பொருளைக் காலத்தில் நகர்த்துகிறது என்றால் வணிகம் இடத்தில் நகர்த்துகிறது. அழுத்தம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் பாய்வது போல, விலை குறைந்த ஊரிலிருந்து விலை மிக்க ஊருக்குச் சரக்குப் பாய்கிறது. ஒட்டன்சத்திரத்துக்குக் கேரளம் இல்லையென்றால் இங்கு விளைவதில் பாதியைக்கூட இந்த மாவட்டம் தின்று தீர்க்க முடியாது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார், மராட்டியத்தின் நாசிக், நம் ஒட்டன்சத்திரம் ஆகிய நான்கு வட்டாரங்களின் விளைச்சல் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கினால், நான்கையும் சேர்த்த சராசரியின் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும் என்பது புள்ளியியல் விதி. ஒன்பது வட்டாரமானால் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பக்கம் மழையில் அழுகினாலும் மறுபக்கம் ஈடு செய்யும். வணிகத்தால் ஏழைக்கு உண்டாகும் நன்மைகளில் இது மிகப் பெரியது என்பது என் கருத்து; இதை இடைத்தரகர் கொள்ளை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆனால் நன்மை எப்படிப் பங்காகிறது என்பது வேறு கேள்வி. 2024-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவருக்குச் சேர்வது சுமார் 33 காசு.

எல்லா ஊரையும் ஒரே குழாயால் இணைத்துவிட்டால் மற்றவர்களின் அதிர்ச்சியும் நம் வீட்டுக்கு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். 2023-ல் கோலாரில் செடிகளை நோய் தாக்கியபோது திண்டுக்கல் மளிகைக் கடையில் விலை ஏறியது. 2022-ல் இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. நம் ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டின் மூலப்பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான்.

நம் அரசும் இதே குழாயைத் திருகி மூடுவதுண்டு. வெங்காய விலை ஏறியதும் 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தார்கள். டிசம்பர் 8-ஆம் நாள் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். 2024 மே 4-ஆம் நாள் தடை நீங்கியது. வரி முற்றிலும் நீங்கியது 2025 ஏப்ரல் 1-ல். இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நம் சின்ன வெங்காயமும், வடக்கே விளையும் பெரிய வெங்காயத்துக்காகப் போட்ட பூட்டில் மாட்டிக்கொண்டது. நகரத்து ஏழைக்கு விலை ஏறக்கூடாது என்ற நோக்கத்தைக் குறை கூற மாட்டேன். நான் இயற்பியல் நோக்கில் ஒன்று மட்டும் கேட்கிறேன். விலை ஏறியபின் ஆலோசித்து, ஆணை பிறப்பித்து, அது துறைமுகத்தை எட்டுவதற்குள் புதிய வரத்து வரத் தொடங்கிவிட்டால் என்னாகும்? ஊஞ்சல் திரும்பி வரும் வழியில் அதே திசையில் இன்னொரு தள்ளு. தாமதமாக வரும் திருத்தமும் ஆட்டத்தை வளர்க்கும் என்பதைத் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பொறியியலின் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிக் கொடுக்கிறோம்.

பசியை அளக்காத கருவி

சரக்கு விலையை நோக்கிப் பாய்கிறது என்றோம். விலை எதை அளக்கிறது? தேவையை என்று பாடப் புத்தகம் சொல்லும். கையில் காசுள்ளவரின் தேவையை என்று சேர்த்துப் படிக்க வேண்டும். காசில்லாதவரின் பசி விலையை ஒரு காசுகூட உயர்த்துவதில்லை. சந்தை என்னும் கருவியின் முள் அதற்கு அசையாது.

திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875-ல். அடுத்த ஆண்டே பருவ மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. அப்போது இவ்வூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலான மதிப்பீடு. தண்டவாளம் இருந்தது, தானியம் பயணம் செய்தது, அவ்வாண்டுகளில் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குத் தானிய ஏற்றுமதியும் நடந்தது. வேலை இழந்த கூலிக்காரனிடமும் நெசவாளியிடமும் வாங்கக் காசு இல்லை. வணிகத்தில் தலையிடலாகாது என்பது அன்றைய வைசிராய் லிட்டனின் கொள்கை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறையும். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம்.

இதைக் கோட்பாடாக வகுத்தவர் அமர்த்தியா சென். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, அவ்வாண்டு வங்கத்தில் கிடைத்த அரிசி பஞ்சமில்லாத 1941-ஐவிடக் குறைவாக இல்லை என்று 1981-ல் எழுதிய நூலில் காட்டினார். அந்தப் புள்ளிவிவரத்தை மறுப்பவர்களும் உண்டு. எனினும் அவர் கேட்கச் சொன்ன கேள்வி நிலைத்துவிட்டது. ஊரில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று மட்டும் கேளாதே. ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி வருகிறது என்று கேள்.

பொருளாதார வளர்ச்சி இந்த இடத்தில்தான் ஏழைக்குப் பொருள்படுகிறது. 1999-2000-ல் இந்தியக் கிராமக் குடும்பங்களின் செலவில் சராசரியாக நூற்றுக்கு 59 ரூபாய் உணவுக்கே போயிற்று. 2022-23 கணக்கெடுப்பில் அது சுமார் 46 ஆகக் குறைந்திருந்தது. நூற்றில் 46 செலவிடுபவருக்குத் தக்காளி விலையேற்றம் எரிச்சல்; 70 செலவிடுபவருக்கு அது வேறொரு பண்டத்தைக் கைவிடும் முடிவு. சராசரியில் இவ்விருவரும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் அந்த இரண்டாமவரைத் தாங்கிப் பிடிப்பது ரேஷன் அரிசி. 1997-ல் மத்திய அரசு, ஏழைகளுக்கு மட்டும் என்று பங்கீட்டைச் சுருக்கியபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய் என்று குறைந்து, 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கிறது. இலவசம் மனிதரைச் சோம்பேறியாக்கும் என்று ஆசிரியர் அறையில் என்னோடு வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஊசலை உதாரணம் காட்டுவேன். ஆடும் பொருளை அடக்குவதற்கு ஒரு முனையையாவது அசையாமல் பிடிக்க வேண்டும். அரிசி விலை என்ற முனை அசையாமல் இருப்பதால்தான், தக்காளி 100 ரூபாய்க்குப் போன மாதத்திலும் பறிகூலிப் பெண்ணின் வீட்டில் உலை கொதித்தது. புளியை ஒரு பங்கு கூட்டி ரசம் வைத்திருப்பார்கள்.

அந்த அரிசியால் பசி அடங்கும். காய்கறியும் பருப்பும் தரும் சத்து அதில் வராது. அவற்றுக்குச் சந்தைக்குத்தான் போக வேண்டும். ஆகவே நாம் தொடங்கிய ஆட்டத்தை விட்டுவிட முடியாது. 0.3 × 4 என்ற பெருக்கலில் எந்த எண்ணைக் குறைக்கலாம்? இரண்டாவது எண்ணைக் குறைப்பதே கைக்கு எட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. அதற்குத் தேவை ஒரு செய்தி. இன்றைய விலை என்ன என்பதைச் செல்போனில் எல்லோரும் பார்க்கிறார்கள். அது ஆட்டத்தை வளர்க்கும் செய்தி. இந்த வாரம் நாற்றுப் பண்ணைகளிலிருந்து எத்தனை லட்சம் நாற்று விற்றது என்பதே ஆட்டத்தை அடக்கும் செய்தி. இன்று பெரும்பாலோர் குழித்தட்டு நாற்றை விலைக்கு வாங்கித்தான் நடுகிறார்கள். ஆகையால் பண்ணைகளின் விற்பனையைக் கூட்டினால், இரண்டு மாதம் கழித்து வரப்போகும் பெட்டிகளின் எண்ணிக்கை இன்றே தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை சந்தை வாசலில் எழுதிப் போட ஒரு கரும்பலகை போதும்.

வாசகர்கள் தாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வரைபடத் தாளில் கிடைக்கோட்டில் வாரங்களையும் நிலைக்கோட்டில் உங்கள் ஊர்ச் சந்தையின் தக்காளி விலையையும் குறித்து வாருங்கள். ஓராண்டு முடிந்ததும் அடுத்தடுத்த இரு உச்சிகளுக்கு இடையே எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். ஒவ்வோர் உச்சியும் முந்தியதைவிட உயர்ந்ததா தாழ்ந்ததா என்று அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வகச் சுவரில் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் வீட்டில் தக்காளி பயிரிடுகிறார்கள். பறிப்பு நாளில் அவர்கள் வகுப்புக்கு வராததால் மூன்று வாரங்களுக்கு விலை குறிக்கப்படவில்லை. பின்னால் விசாரித்து நிரப்பிவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள் என்றேன்.